சீருடை, எம்பிஏ, சம்பள வேலை: எதை எப்போது எடுப்பது?

தொழிற்சாலை ஒன்றின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். இளைஞர்களின் கனவெல்லாம் என் மேசைக்கு விடுப்பு விண்ணப்பமாகத்தான் வந்து சேரும். கொஞ்ச காலமாக ஒரே கேள்வியைப் பல குரல்களில் கேட்கிறேன். "சார், டெரிடோரியல் ஆர்மிக்கு அப்ளை பண்ணலாம்னு இருக்கேன். எம்பிஏவும் மனசுல இருக்கு. வேலையையும் விட முடியாது. எப்படிப் பண்றது?" கேட்பவர்கள் பெரும்பாலும் முப்பதை ஒட்டிய பொறியாளர்கள். கல்லூரியில் என்சிசியில் இருந்த ஏக்கம் ஒரு பக்கம், எம்பிஏ இல்லாமல் மேனேஜர் பதவிக்கு மேலே போக முடியாதோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றும் ஒருவருக்கு வாய்க்கும். ஆனால் ஒரே இரண்டு வருடத்துக்குள் மூன்றையும் திணித்தால் மூன்றும் அரைகுறையாகும். எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்பது உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. அரசு ஊழியருக்குச் சரியாக வரும் வழி தனியார் நிறுவன மேலாளருக்குச் சரியாக வராது. சொந்தத் தொழில்காரருக்கு இரண்டுமே பொருந்தாது.

டெரிடோரியல் ஆர்மி என்றால் என்ன?

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பகுதிநேர இராணுவப் படை இது. 1949 அக்டோபர் 9 அன்று அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி இதைத் தொடங்கி வைத்தார். 18 முதல் 42 வயதுக்குள் இருக்கும் பட்டதாரிகள் அதிகாரியாக விண்ணப்பிக்கலாம். வருமானம் தரும் ஒரு வேலையிலோ தொழிலிலோ இருக்க வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. இதை வேலைவாய்ப்பாகப் பார்க்காதீர்கள் என்று படையின் அறிவிப்புகளே வெளிப்படையாகச் சொல்கின்றன. வேலை இல்லாதவருக்கு வேலை தரும் இடம் இது அல்ல, வேலையில் இருப்பவர் நாட்டுக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கும் இடம். நம் ஊரில் கோயம்புத்தூரில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 110ஆவது காலாட்படை பட்டாலியனும், திருச்சியில் கார்ட்ஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 117ஆவது பட்டாலியனும் இந்தப் படைக்கு உரியவை. தமிழ்நாட்டுக்காரர் என்பதற்காகக் கோவையே கிடைத்துவிடும் என்று கணக்குப் போட வேண்டாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. தோனிக்கு 2011இல் கிடைத்த லெப்டினன்ட் கர்னல் பதவி கௌரவப் பதவி. மோகன்லாலுக்கு 2009இல் கிடைத்ததும் அப்படியே. தேர்வு எழுதி வருகிறவர் லெப்டினன்டாகத்தான் தொடங்குவார். அந்த வழியில் வந்தவருக்கு உதாரணம் வேண்டுமென்றால் சச்சின் பைலட்டைச் சொல்லலாம். மத்திய அமைச்சராக இருந்தபோதே தேர்வைக் கடந்து 2012இல் லெப்டினன்டாகச் சேர்ந்தார்.

தேர்வு முறை நீளமானது. எழுத்துத் தேர்வு, முதல்கட்ட நேர்காணல், அதன்பின் எஸ்எஸ்பி எனப்படும் ஐந்து நாள் இராணுவத் தேர்வு வாரிய நேர்காணல், கடைசியில் மருத்துவப் பரிசோதனை. இத்தனையும் எத்தனை இடத்துக்கு? 2023ஆம் ஆண்டு அறிவிப்பில் மொத்தம் 19 இடம். ஆண்களுக்கு 18, பெண்களுக்கு 1. இந்த எண்ணைப் பார்த்த பிறகும் "அடுத்த வருஷம் ஆர்மி, அதனால எம்பிஏவைத் தள்ளிப் போடறேன்" என்று வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. எம்பிஏ சேர்க்கை ஓரளவு உங்கள் கையில் இருக்கிறது, டெரிடோரியல் ஆர்மி தேர்வு உங்கள் கையில் இல்லை. கையில் இல்லாததை நம்பிக் கையில் இருப்பதைத் தள்ளிப் போடக் கூடாது.

நாட்காட்டியைத் திறந்து பாருங்கள்

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். "வருஷத்துக்கு ரெண்டு மாசம்தானே" என்கிறார்கள். முதல் இரண்டு வருடக் கணக்கு வேறு. முதல் வருடத்தில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி. வருடாவருடம் இரண்டு மாதப் பயிற்சி முகாம், முதல் வருடமும் இதில் அடக்கம். போதாததற்கு, கமிஷன், அதாவது அதிகாரிப் பதவி, கிடைத்த முதல் இரண்டு வருடத்துக்குள் டேராடூன் இராணுவ அகாடமியில் மூன்று மாதப் பயிற்சி. கூட்டிப் பாருங்கள், 24 மாதத்தில் 8 மாதம் வரை நீங்கள் அலுவலகத்தில் இருக்க மாட்டீர்கள்.

ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்வோம். வயது 29. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் கொள்முதல் பிரிவு. மாதச் சம்பளம் ஒன்றரை லட்சம். ஐஐஎம் திருச்சி சென்னையில் நடத்தும் வார இறுதி எம்பிஏவில் சேர்ந்திருக்கிறார். ஜூலையில் முதல் பருவம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு வகுப்பு. வார நாட்களில் சப்ளையர் பஞ்சாயத்து முடிந்து வீட்டுக்கு வந்தபின் குழு அசைன்மென்ட். அக்டோபரில் டேராடூனுக்கு அழைப்பு வருகிறது. மூன்று மாதம். ஒரு பருவம் முழுதாகப் போகிறது. வகுப்பு வருகைப்பதிவில் இடிக்கிறது. குழுவில் இருக்கும் மற்ற நான்கு பேர் "பரவாயில்லை பாஸ், நாங்க பார்த்துக்கறோம்" என்று முதல் மாதம் சொல்வார்கள், இரண்டாம் மாதம் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள். ஜனவரியில் திரும்பி வருகிறார். நிறுவனத்தில் ஆண்டு இறுதி விலைப் பேச்சுவார்த்தை உச்சத்தில் இருக்கிறது. அவருடைய சப்ளையர் பட்டியல் பக்கத்து இருக்கைக்காரரிடம் போய்விட்டது. ஏப்ரலில் அப்ரைசல். "ஆள் நல்ல ஆள், ஆனா இந்த வருஷம் முழுசா இல்லையே" என்று மேலாளர் ஒரு வரி எழுதுகிறார். அந்த வரியை எந்தச் சட்டத்தாலும் அழிக்க முடியாது.

விடுப்புக் கணக்கும் உதவாது. தனியார் நிறுவனத்தில் ஒரு வருடத்தில் சேரும் ஈட்டிய விடுப்பு பெரும்பாலும் மூன்று வாரத்தை ஒட்டியே இருக்கும். மீதி எல்லாம் சம்பளமில்லா விடுப்பு. முகாமில் இருக்கும் நாட்களுக்கு இராணுவம் சம்பளம் தரும், உண்மைதான். லெப்டினன்டின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், இராணுவப் பணிப்படி 15,500 ரூபாய். 2025 நிலவரப்படி அகவிலைப்படியைச் சேர்த்தால் ஒரு லட்சத்தைத் தாண்டும். ஆக நம் 29 வயதுக்காரருக்கு மாதத்துக்கு நாற்பதாயிரம் அளவில் பள்ளம் விழும். இது தாங்கக்கூடிய பள்ளம். பணத்துக்காகப் பயப்படுகிறவர்களிடம் நான் இதைச் சொல்லிச் சமாதானப்படுத்துவேன். பணத்தைவிடப் பெரிய விலை, அந்த இரண்டு மாதமும் உங்கள் வேலை வேறு ஒருவர் பெயரில் நடப்பதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். படைப்பணிக்கு அழைக்கப்பட்டவரைத் திரும்ப வந்ததும் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பை டெரிடோரியல் ஆர்மி சட்டத்தின் 7ஏ பிரிவு முதலாளி மேல் வைக்கிறது. நல்ல பாதுகாப்பு. ஆனால் வேலையைத் திருப்பித் தருவது ஒன்று, நீங்கள் இல்லாதபோது நழுவிய பதவி உயர்வைத் தருவது வேறு.

அழைப்பு நிஜமாகவே வரும்

முகாமோடு முடிந்துவிடும், போருக்கெல்லாம் யார் கூப்பிடப் போகிறார்கள் என்ற எண்ணம் சிலருக்கு. 1962, 1965, 1971 போர்களில் இந்தப் படை பங்கெடுத்தது பழைய கதை என்று தள்ளிவிடுவார்கள். 2025 மே மாதத்தை அப்படித் தள்ள முடியாது. ஆபரேஷன் சிந்தூரை ஒட்டி, டெரிடோரியல் ஆர்மி அதிகாரிகளையும் வீரர்களையும் பணிக்கு அழைக்கும் அதிகாரத்தை மத்திய அரசு தரைப்படைத் தளபதிக்கு வழங்கியது. இருக்கும் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14 பட்டாலியன்களைப் பல்வேறு கட்டளையகங்களின் கீழ் நிறுத்த ஒப்புதல் தந்தது. அந்த ஆணை 2028 பிப்ரவரி வரை செல்லும். அப்படி அழைக்கப்பட்டால் இரண்டு மாதக் கணக்கெல்லாம் இல்லை. எம்பிஏ இறுதிப் பருவத்தில் இருப்பவருக்கும் விலக்கு எதிர்பார்க்கக் கூடாது. இதைப் படித்ததும் உள்ளுக்குள் தயக்கம் எழுந்தால், அந்தத் தயக்கத்தை மதியுங்கள். அழைப்பு வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு இந்தப் படையில் சேர்வதில் பொருள் இல்லை.

வழி ஒன்று: முதலில் எம்பிஏ, பிறகு சீருடை

தனியார் நிறுவனத்தில் இருக்கும் முப்பது வயதுக்குக் கீழானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். 42 வயது வரை கதவு திறந்திருக்கிறது. எம்பிஏவுக்கு அப்படி இல்லை. சட்டப்படி எந்த வயதிலும் படிக்கலாம், ஆனால் 27இல் படித்த எம்பிஏவுக்குக் கிடைக்கும் வேலை 38இல் படித்ததற்குக் கிடைக்காது. எம்பிஏ நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதி இரண்டு வருடப் படிப்பில் சேர நினைப்பவர் அதைத் தள்ளிப் போடவே கூடாது. முழுநேர மாணவர் என்றால் அந்தக் காலத்தில் வருமானமுள்ள வேலை இருக்காது, ஆகவே டெரிடோரியல் ஆர்மி விண்ணப்பத்துக்கும் அப்போது இடமில்லை. இரண்டும் தாமாகவே பிரிந்துவிடுகின்றன.

முடித்த பின் மூன்று, நான்கு வருடம் ஒரு நிறுவனத்தில் நிலைத்து நில்லுங்கள். உங்களுக்குக் கீழே ஒரு குழு உருவாகட்டும். நீங்கள் இரண்டு மாதம் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் என்று மேலிடத்துக்கு நிரூபியுங்கள். மேலாளர் வெளியே போனால் அவருக்கு அடுத்தவர் பார்த்துக்கொள்வார். எக்ஸிக்யூட்டிவ் வெளியே போனால் அவர் வேலையைப் பார்க்க ஆள் கிடையாது. 33, 34 வயதில் விண்ணப்பிக்கும் ஒருவருக்கு அலுவலகத்தில் கிடைக்கும் இணக்கம் 27 வயதுக்காரருக்குக் கிடைக்காது என்பதை விண்ணப்பங்களைப் புரட்டுகிறவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்.

இந்த வழியில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. உடம்பு. பத்து வருடம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, கேன்டீன் பஜ்ஜி தின்று, ஷிப்ட் மாற்றத்தில் தூக்கம் கெட்டவர் இராணுவ மருத்துவக் குழுவின் முன் நிற்கும்போது எடை, ரத்த அழுத்தம், பார்வை என ஒவ்வொன்றும் பேசும். எழுத்துத் தேர்வில் தேறி எஸ்எஸ்பியும் தாண்டி மருத்துவப் பரிசோதனையில் திரும்பி வருவது பெரிய வேதனை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சீருடையைத் தள்ளிப் போடுகிறவர் காலை ஓட்டத்தையும் சேர்த்துத் தள்ளிப் போட்டால் இந்த வழியே அடைபடும். இன்னொன்று குடும்பம். 34 வயதில் கைக்குழந்தை இருக்கலாம், வீட்டுக் கடன் தவணை இருக்கலாம். எல்லையில் நிறுத்தப்படும் வாய்ப்புள்ள வேலைக்கு மனைவியின் சம்மதம் இல்லாமல் கையெழுத்துப் போடுவது என் பார்வையில் அநியாயம்.

வழி இரண்டு: சீருடையும் வார இறுதி எம்பிஏவும் சேர்த்து

இதைச் செய்து முடிக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். முதல் இரண்டு வருடம் கழிந்த பிறகு செய்யலாம். டேராடூன் பயிற்சி முடிந்துவிட்டால் மிஞ்சுவது வருடத்துக்கு இரண்டு மாத முகாம்தான். அப்போது கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் விதம் மாற வேண்டும். தரவரிசையைப் பார்ப்பதற்கு முன் விதிப்புத்தகத்தைப் பாருங்கள். ஒரு பருவத்தை அடுத்த பிரிவு மாணவர்களோடு சேர்ந்து முடிக்க அனுமதி உண்டா? வருகைப்பதிவுக் குறைவுக்கு இராணுவப் பணியைக் காரணமாக ஏற்பார்களா? சேர்க்கை அலுவலர் தொலைபேசியில் "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்பதை நம்ப வேண்டாம், மின்னஞ்சலில் வாங்குங்கள்.

படிப்புக்கு நெகிழ்வு வேண்டுமென்றால் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் எம்பிஏவை யாரும் மதிப்பதில்லை என்று ஒதுக்காதீர்கள். குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் நான்கு வருடம் என்று இழுத்துப் படிக்கலாம். ஜூன், டிசம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு. ஜூனில் முகாம் என்றால் டிசம்பரில் எழுதலாம். பொதுத்துறை நிறுவனத்திலோ வங்கியிலோ பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்படுகிறவருக்கு இதுவே போதும். கன்சல்டிங் கம்பெனிக்குத் தாவ நினைப்பவருக்கு இது உதவாது, அவருக்கு வேண்டியது பட்டத்தைவிட வளாக வேலைவாய்ப்பும் சக மாணவர் வட்டமும்தான். எதற்காக எம்பிஏ என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இல்லாதவர்களே இந்த இடத்தில் அதிகம் செலவழிக்கிறார்கள்.

அரசு ஊழியருக்கு இந்த இரண்டாவது வழி இயல்பாகவே பொருந்தும். துறையிடம் தடையில்லாச் சான்று வாங்குவதுதான் அவருக்கு மலை. அது கையில் வந்துவிட்டால், முகாமுக்குப் போய் வருவதால் அவருடைய பணிமூப்பு தனியார் ஊழியருக்குக் குலைவதுபோல் குலைவதில்லை. அப்ரைசல் என்ற கத்தியும் அவர் கழுத்துக்கு மேல் தொங்குவதில்லை. பொதுத்துறையில் இருந்துகொண்டு "பிரைவேட்ல இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று புலம்புகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் தங்கள் நாற்காலியை மதிக்கலாம்.

சொந்தத் தொழில்காரர்களைப் பற்றிச் சுருக்கமாக. திருப்பூரில் ஏற்றுமதி நடத்துகிறவருக்கோ கோவையில் பவுண்டரி வைத்திருப்பவருக்கோ யாரிடமும் விடுப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஆர்டரை அனுப்ப வேண்டிய தேதி முகாமுக்காகக் காத்திருக்காது. அண்ணனோ தம்பியோ கூட்டாளியோ கடையைப் பார்த்துக்கொள்வார் என்றால் தாராளமாகச் சேரலாம். தனி ஆளாக நடத்துகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எம்பிஏவைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அவருக்கு அது தேவைப்படுவது அபூர்வம்.

வழி மூன்று: பத்து வருடம் முழுநேர இராணுவம், பிறகு எம்பிஏ

25 வயதுக்குக் கீழே இருக்கிறீர்கள், டெரிடோரியல் ஆர்மியைப் பற்றி இரவெல்லாம் படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு உண்மையில் வேண்டியது பகுதிநேரச் சீருடைதானா என்று ஒருமுறை யோசியுங்கள். குறுகிய காலத்துக்கு முழுநேர அதிகாரியாகப் பணியாற்றும் ஷார்ட் சர்வீஸ் கமிஷன் இருக்கிறது. பட்டதாரிகளுக்கான சிடிஎஸ் என்ற இராணுவ நுழைவுத் தேர்வில் ஓடிஏவுக்கு (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலமும் பொது அறிவும் மட்டும்தான், கணக்குத் தாள் கிடையாது. என்சிசி 'சி' சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்எஸ்பிக்குப் போகும் தனி வழியும் உண்டு. பயிற்சி நம் பரங்கிமலையில், 49 வாரம். முடித்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்புப் பட்டயமும் கிடைக்கும். பணிக்காலம் 10 வருடம், விரும்பினால் மேலும் 4 வருடம்.

இரண்டு வருடத்தில் கேப்டன், ஆறு வருடத்தில் மேஜர். 28 வயதில் நூறு பேரை வைத்துக்கொண்டு பனியில் ஒரு நிலையைக் காத்த அனுபவம் எம்பிஏ நேர்காணலில் வேறு எந்த விண்ணப்பதாரரிடமும் இருக்காது. ஐஐஎம் அகமதாபாத்தின் ஒரு வருட பிஜிபிஎக்ஸ், ஹைதராபாத் ஐஎஸ்பியின் ஒரு வருடப் படிப்பு போன்றவை அனுபவம் உள்ளவர்களுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. முன்னாள் இராணுவ அதிகாரிகள் அங்கே புதியவர்கள் இல்லை. கட்டணம் 30 லட்சத்தைத் தாண்டும் என்பதை மறக்க வேண்டாம். அவ்வளவு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு, பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம் ஐஐஎம்கள் போன்ற நிறுவனங்களில் ஏற்பாடு செய்யும் சுமார் ஆறு மாத மேலாண்மைப் படிப்பு இருக்கிறது. பணியை முடிக்கும் அதிகாரிகளுக்கானது அது. கட்டணத்தில் 60 சதவீதத்தை இயக்குநரகம் ஏற்கும், மீதி 40 சதவீதம் உங்களுடையது. எம்பிஏ பட்டத்துக்கு அது ஈடாகாது, ஆனால் கார்ப்பரேட் மொழி பழகி முதல் வேலையில் நுழைய உதவும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். 24இல் கமிஷன் என்றால் வெளியே வரும்போது 34. வகுப்பில் பெரும்பாலோர் உங்களைவிட இளையவர்கள். வேலைச் சந்தையில் உங்கள் வயதுக்காரர்கள் பத்து வருடத் துறை அனுபவத்தோடு நிற்பார்கள். உங்களிடம் தலைமைப் பண்பு இருக்கும், நிதிநிலை அறிக்கை வாசிக்கத் தெரியாமல் இருக்கும். ஓய்வூதியம் கிடையாது. இத்தனைக்கும் மேலே, விண்ணப்பிக்கும்போது யாரும் கவனித்துப் படிக்காத ஒரு வரி அறிவிப்பில் உண்டு. பணிக்காலம் முடிந்த பின் ஐந்து வருடம் ரிசர்வ் கடமை (தேவைப்பட்டால் மீண்டும் அழைப்பார்கள்), விருப்பப்பட்டால் இன்னும் இரண்டு வருடம், ஆண்களுக்கு 40 வயது, பெண்களுக்கு 37 வயது என்ற வரம்புக்குள். எம்பிஏ முடித்துப் புது வேலையில் உட்கார்ந்திருக்கும் காலமும் சட்டப்படி ரிசர்வ் காலம்தான். புது முதலாளியிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுவது மரியாதை.

டெரிடோரியல் ஆர்மியையும் ஷார்ட் சர்வீஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. இராணுவ அனுபவத்தை எம்பிஏவுக்கு ஏணியாக எண்ணுகிறவருக்கு ஷார்ட் சர்வீஸ்தான் வழி. டெரிடோரியல் ஆர்மியில் ஒன்றிரண்டு முகாம் முடித்த லெப்டினன்ட், தேர்வுக் குழுவின் முன் பத்து வருட மேஜரைப்போலப் பேச முயன்றால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். டெரிடோரியல் ஆர்மியை எம்பிஏ விண்ணப்பத்தின் அலங்காரமாகப் பார்ப்பது இரு பக்கத்துக்கும் துரோகம். எஸ்எஸ்பியில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த நினைப்பை மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள்.

பெண்களுக்கு இந்த ஒப்பீடு இன்னும் எளிது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகே டெரிடோரியல் ஆர்மியில் பெண்களுக்குப் பொதுவாக வழி திறந்தது. 2023 அறிவிப்பில் கிடைத்தது ஒரே ஒரு இடம். வயது இருக்கும்போது ஷார்ட் சர்வீஸைத் தேர்ந்தெடுப்பதே அறிவு. 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அங்கே நிரந்தரப் பணிக்கும் பாதை இருக்கிறது, எம்பிஏ யோசனையைப் பத்து வருடம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

விண்ணப்பிக்கும் முன் அலுவலகத்தில் பேசுவது பற்றி ஒரு வார்த்தை. எழுத்துத் தேர்வு எழுதும் நிலையிலேயே மேலாளரிடம் சொல்லி ஊரைக் கூட்ட வேண்டியதில்லை, 19 இடத்துக்கு எத்தனை பேர் போட்டி என்று யாருக்கும் தெரியும். எஸ்எஸ்பி அழைப்பு வந்ததும் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த வாரத்துக்கு எப்படியும் விடுப்பு வேண்டும். பேசும்போது நாட்டுப்பற்றில் தொடங்காதீர்கள். முகாம் எந்த மாதங்களில் வரக்கூடும், அப்போது உங்கள் வேலையை யார் பார்ப்பார், அவருக்கு எப்போதிருந்து பயிற்சி கொடுப்பீர்கள் என்று ஒரு பக்கத் தாளோடு போங்கள். என்னிடம் அப்படித் தாளோடு வருகிறவர்களுக்கு நான் மேலிடத்தில் வாதாடியிருக்கிறேன். "சட்டத்துல இருக்கு சார், நீங்க விட்டுத்தான் ஆகணும்" என்று ஆரம்பிக்கிறவர்களுக்கும் விடுப்பு கிடைக்கும். திரும்பி வரும்போது அதே இருக்கை காத்திருக்குமா என்பதற்கு மட்டும் என்னால் உத்தரவாதம் தர முடியாது.

ஐடி துறைக்காரர்கள் மட்டும் தனிக்கணக்கு. ஆன்சைட் போவதுதான் அடுத்த ஐந்து வருடத் திட்டம் என்றால், ஃபிராங்க்ஃபர்ட்டிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்துகொண்டு வருடா வருடம் இரண்டு மாதம் முகாமுக்கு வந்து போவது நடக்காத காரியம். எம்பிஏவையும் வெளிநாட்டில் படிக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் சிக்கல். இவர்கள் முதலில் வெளிநாடு போகட்டும், படிக்கட்டும், சம்பாதிக்கட்டும். குடும்பத்தோடு ஊர் திரும்பி ஒரு வேலையில் நிலைத்த பிறகு விண்ணப்பப் படிவத்தை எடுக்கலாம். 36, 37 வயதில் திரும்புகிறவருக்கும் நான்கைந்து அறிவிப்புகளுக்கு முயற்சி செய்யக் காலம் இருக்கும், அதுவரை பிபி மாத்திரை தொடங்காமல் இருந்தால்.